டைல் ஒட்டுவதற்கு முன் தண்ணீரைத் தேக்குங்கள்

பேராதனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் கொழும்பு வீதியில், பிலிமத்தலாவையைச் சுற்றி, வீதியின் பள்ளப் பக்கத்து வீடுகளைக் கவனித்துக்கொண்டு போங்கள். வீதி மட்டத்தில் ஒரு கொங்கிரீட் தளம். அதன்மேல் காரோ முச்சக்கர வண்டியோ நிற்கும். ஓரத்தில் அரைச்சுவர், நாலைந்து பூச்சாடிகள். வீடு அதற்குக் கீழே இருக்கிறது. காணி சிறிது, சரிவு பெரிது. கூரையையே முற்றமாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. மேட்டுப் பக்கத்தில் கட்டியவர்கள் பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு பல்கனியை முன்னால் நீட்டியிருப்பார்கள். இன்னும் பலர், பிறகு மேல்மாடி எழுப்பலாம் என்று ஸ்லெப்பை அப்படியே விட்டுத் தூண் கம்பிகளை வானத்தைப் பார்க்க நிறுத்தியிருப்பார்கள்.

குடிபுகுந்து இரண்டு மூன்று மழைக்காலம் போனதும் சீலிங்கில் ஒரு மஞ்சள் வட்டம் விழும். முதலில் அதன்மேல் பெயின்ட் அடிப்பார்கள். அடுத்த வருடம் ஒரு டப்பா வோட்டர் புரூப் வாங்கி ஸ்லெப்பில் பூசுவார்கள். அதற்கடுத்த வருடம் டைல் இடுக்குகளை நிரப்புவார்கள். கடைசியில் இரும்புச் சட்டம் அடித்து, ஸ்லெப்புக்கு மேலே ஒரு தகரக் கூரை போடுவார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு கூரைச் செலவு. கடன்பட்டுக் கட்டிய குடும்பங்களுக்கு இது பெரிய அநியாயம். தண்ணீர் எங்கே நுழைகிறது, ஏன் நுழைகிறது என்பது நன்றாக அறியப்பட்ட விஷயம். அந்த அறிவு வேலைத்தளத்துக்கு வந்து சேராததற்குக் காரணம், யாரைக் கொண்டு கட்டுகிறோம், அவரிடம் எதை எழுதி வாங்குகிறோம் என்பதில் இருக்கிறது.

கண்டிப் பக்கத்தில் ஆண்டுக்கு 1,800 முதல் 2,000 மில்லிமீற்றர் வரை மழை பெய்கிறது. மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கும். வருடக் கடைசியில் வடகீழ்க் காற்று வரும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடிமழை. ஸ்லெப் முழுதாகக் காய்வதற்கு வருடத்தில் கிடைக்கும் நாட்கள் குறைவு. ஐந்து மீற்றருக்கு ஆறு மீற்றர் தளம் ஒன்றில் மணிக்கு 50 மில்லிமீற்றர் வேகத்தில் மழை கொட்டினால், ஒரு மணித்தியாலத்தில் 1,500 லீற்றர் தண்ணீர் சேரும். அவ்வளவும் ஒரு இரண்டங்குலக் குழாய் வழியாகப் போய்விடும் என்று நம்பித்தான் பல வீடுகள் கட்டப்படுகின்றன.

இந்த மழையை முன்னோர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதைப் பார்க்க அதிக தூரம் போகவேண்டியதில்லை. பிலிமத்தலாவையிலிருந்து தவுலகல வீதியில் திரும்பினால் கடலாதெனிய விகாரை, பிறகு லங்காதிலக, அப்பால் எம்பெக்க தேவாலயம். கடலாதெனியவும் லங்காதிலகவும் நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344இல் எழுந்தவை. கடலாதெனியவைக் கருங்கல்லில் அமைத்தவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த கணேஸ்வராசாரி என்ற தச்சர். லங்காதிலகவின் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. செங்கல்லால் உயர்ந்த அந்த விகாரையின் தலையில் இன்று இருப்பது செங்குத்தாகச் சரியும் கண்டிய ஓட்டுக் கூரை. எம்பெக்கவில் 26 மரவளைகளை ஒரே இடத்தில் சேர்த்துப் பிடிக்கும் 'மடொல் குருபாவ' என்ற மரப்பூட்டுக்கு மேலேயும் அதே போன்ற சரிவுதான். மேலே செங்குத்து, கீழே வரும்போது தணிந்த சரிவு: கண்டியக் கூரையின் அடையாளம் அது.

ஓட்டுக் கூரையில் ஓடுகளுக்கிடையே எத்தனையோ இடைவெளி இருக்கிறது. ஆனாலும் ஒழுகாது. சரிவு காரணமாகத் தண்ணீர் அந்த இடைவெளியில் தங்குவதற்கு நேரமே கிடைப்பதில்லை. தட்டையான ஸ்லெப்பில் நிலைமை நேர்மாறு. அங்கே தண்ணீருக்கு நேரம் தாராளமாகக் கிடைக்கிறது, சில இடங்களில் நாட்கணக்கில். ஆகவே தட்டைத் தளத்தில் இடைவெளி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஓட்டுக் கூரை பழகிய ஊருக்கு ஸ்லெப் வந்தபோது, இந்த வேறுபாடு அதனுடன் சேர்ந்து வரவில்லை.

கொங்கிரீட் கல்லாக இறுகிவிடுகிறது, அதில் தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்பவர்கள் உண்டு. சீமெந்து இறுகுவது காய்வதால் நடப்பதில்லை. தண்ணீருடன் வேதிவினை புரிந்துதான் அது இறுகுகிறது. அந்த வினைக்கு வேண்டிய தண்ணீர், சீமெந்தின் எடையில் 40 சதவீதம் அளவே. 50 கிலோ மூடை ஒன்றுக்கு 20 லீற்றர். கொங்கிரீட்டைக் கிளறவும் பரப்பவும் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பதால் 22, 25 லீற்றர் வரை சேர்ப்பது வழக்கம். வினையில் சேராமல் மிஞ்சும் தண்ணீர் உடனே எங்கும் போவதில்லை. கொங்கிரீட்டுக்குள் இடம் பிடித்து நின்று, பிறகு மெல்ல ஆவியாகும். அது இருந்த இடமெல்லாம் மயிரிழையிலும் மெல்லிய நுண்துளைகளாக மிஞ்சும். அந்தத் துளைகள் ஒன்றோடொன்று தொடுத்துக்கொண்டால் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு பாதை ஆகிவிடும்.

இதை அளந்து பார்த்தவர்கள் அமெரிக்காவின் போர்ட்லண்ட் சீமெந்துச் சங்கத்தைச் சேர்ந்த பவர்ஸ், கோப்லண்ட், மான் என்ற மூவர். 1959இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. மூடைக்கு 20 லீற்றர் சேர்த்த சீமெந்துக் கலவையில், ஈரம் காயாமல் வைத்திருந்தால், மூன்றே நாளில் துளைகளின் தொடர்பு அறுந்துவிடும். 22½ லீற்றர் என்றால் ஏழு நாள். 25 லீற்றர் என்றால் பதினான்கு நாள். 30 லீற்றருக்கு ஆறு மாதம். 35 லீற்றருக்கு ஒரு வருடம். அதற்கும் மேலே போனால் எத்தனை காலம் நனைத்தாலும் அந்தத் துளைகள் மூடவே மாட்டா.

இந்தக் கணக்கில் நல்ல ஸ்லெப்புக்கும் ஒழுகும் ஸ்லெப்புக்கும் இடையே இருப்பது மூடைக்கு 10 லீற்றர் தண்ணீர். ஒரு சிறிய வாளி. கொங்கிரீட் போடும் அன்று பின்னேரம் கைகள் சோர்ந்து, கலவை மண்வெட்டிக்கு அசையாமல் கிடக்கும்போது, யாராவது ஒருவர் அந்த வாளியை ஊற்றுவார். கலவை இலகுவாக ஓடும். எல்லோருக்கும் ஆறுதலாக இருக்கும். அதைவிட மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முதல்நாள் மழையில் நனைந்த மணல், நூறு கிலோவுக்கு ஐந்து லீற்றரைத் தானே கொண்டுவந்து சேர்க்கும். கலவையை இளக்க வேண்டுமானால் அதற்கென்று பிளாஸ்டிசைசர் என்ற திரவம் இருக்கிறது. அளவோடு சேர்த்தால் தண்ணீர் கூட்டாமலே வேலை நடக்கும். வைபிரேட்டர் பிடித்தால் காற்றுப் பொந்துகளும் வெளியேறும். போட்ட மறுநாளிலிருந்து ஓரத்தில் மண்ணாலோ சாந்தாலோ வரப்புக் கட்டி, குறைந்தது ஏழு நாளைக்குத் தண்ணீர் நிறுத்தி வைக்க வேண்டும். இந்த ஒரு வாரத்துக்கு ஈடாக எந்த டப்பாவும் கடையில் விற்பதில்லை.

துளைகள் ஒருபக்கம், வெடிப்புகள் மறுபக்கம். வெயிலில் சூடேறி இரவில் குளிரும் கொங்கிரீட், பாகை ஒன்றுக்கு மீற்றருக்கு ஏறத்தாழ நூறில் ஒரு மில்லிமீற்றர் நீள்கிறது. பத்து மீற்றர் ஸ்லெப்பில் 20 பாகை மாற்றம் வந்தால் இரண்டு மில்லிமீற்றர். தளத்தின் நடுவில் இது தெரியாது. அரைச்சுவரும் ஸ்லெப்பும் சந்திக்கும் மூலையில் தெரியும். ஏனென்றால் அங்கே ஒன்று நீள, மற்றது நீளாமல் நிற்கிறது. 0.1 மில்லிமீற்றருக்கும் மெல்லிய வெடிப்பு ஈரத்தில் தானே மூடிக்கொள்ளக்கூடும். கரைந்த சுண்ணாம்பு அதில் படிந்து அடைத்துவிடும். அதைவிட அகன்ற வெடிப்பு தானே மூடும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

உள்ளே போன தண்ணீர் சும்மா இருப்பதில்லை. சீமெந்து இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்பை அது கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. சீலிங்கின் வெடிப்போரத்தில் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டுடன் சேர்ந்து வெள்ளைப் படிவாகிறது. நீண்டகாலம் விட்டால் குகைகளில் காண்பது போன்ற மெல்லிய தொங்கு குழல்களாகவும் வளரும். இந்த வெள்ளையைக் கண்டால் சுரண்டிவிட்டுப் பெயின்ட் அடிக்காதீர்கள். மேலே இருந்து கீழே ஒரு பாதை முழுமையாகத் திறந்துவிட்டது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

கம்பிகளுக்கு நேர்வது இதைவிடப் பாரதூரமானது. நல்ல கொங்கிரீட்டின் காரத்தன்மை மிக அதிகம், அதன் பீ.எச். பெறுமானம் 12க்கு மேல். அந்தக் காரத்தில் இரும்பின்மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகித் துரு பிடிக்காமல் காக்கிறது. துளைகள் வழியாகக் காபனீரொட்சைட்டு உள்ளே போகப் போகக் காரம் தணிகிறது. 9க்குக் கீழே வந்ததும் படலம் அழிகிறது. பிறகு ஈரமும் ஒட்சிசனும் போதும். துரு, அது உண்டான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும். அந்த நெருக்குதலில் கொங்கிரீட் பிளந்து, பாளம் பாளமாகக் கழன்று விழும்.

பல்கனிக்கு இதில் தனி ஆபத்து உண்டு. வீடு கட்டும் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இருபக்கமும் சுவர்மேல் இருக்கும் ஸ்லெப்பில் இழுவை கீழ்ப்பக்கத்தில் வருகிறது. பிரதான கம்பியும் கீழேதான் இருக்கும். ஒருபக்கம் மட்டும் பிடித்து வெளியே நீட்டிய பல்கனியில் இழுவை மேல்பக்கத்தில் வருகிறது. ஆகவே உயிர்நாடியான கம்பி மேலே, மேற்பரப்புக்கு ஓர் அங்குலம் கீழே ஓடுகிறது. வெடிப்பு விழுவதும் மேல்பக்கத்தில். மழை விழுவதும் மேல்பக்கத்தில். மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன, அதுவும் பல்கனி வீட்டுச் சுவரோடு சேரும் கோட்டில், டைலுக்குக் கீழே, யாருக்கும் தெரியாமல். இன்னொன்றும் உண்டு. கொங்கிரீட் போடும்போது வேலையாட்கள் அந்த மேல்கம்பியில் மிதித்து நடப்பார்கள். தாங்குகட்டை சரியாக இல்லாவிட்டால் கம்பி கீழே அமிழும். ஐந்து அங்குலத் தடிப்புள்ள பல்கனியில் கம்பி ஓர் அங்குலம் தாழ்ந்தால், அதன் பலத்தில் கால்பங்கு அன்றே போய்விட்டது. துரு பிறகு மிச்சத்தைத் தின்னும்.

அப்படியானால் எங்கே கவனிப்பது? தளத்தின் நடுப்பரப்பில் ஆரம்பிக்கும் கசிவுகள் குறைவு. கசிவின் பிறப்பிடம் பெரும்பாலும் ஏதோ ஒரு சந்தி: மழைக்குழாய் ஸ்லெப்பைத் துளைத்து இறங்கும் வாய், அரைச்சுவரின் அடி, கைப்பிடிக் கம்பிகளை நட்ட துளைகள், கதவு நிலையின் அடி. மேல்மாடிக்கென்று விட்ட தூண் கம்பிகள் இங்கே முதலிடம் பெறுகின்றன. மழையில் நனையும் அந்தக் கம்பியைச் சுற்றித் துரு, துருவைச் சுற்றி ஒரு மெல்லிய இடைவெளி. தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு நேராகத் தூணுக்குள் இறங்கும். பத்து வருடம் கழித்து மேல்மாடி கட்ட வரும்போது அந்தக் கம்பியில் பாதியை நம்ப முடியாது. மெலிந்த சீமெந்துக் கலவையால் சுற்றி மூடி, மேலே ஒரு தொப்பியாக வார்த்துவிட்டால் பிறகு உடைத்தெடுக்கலாம். செலவு மிகச் சிறிது.

சரிவுதான் முதல் நீர்த்தடுப்பு. தட்டைக் கூரைகளுக்கான பிரித்தானிய நியமம் முடிந்த வேலையில் 80க்கு 1 என்ற சரிவைக் குறைந்தபட்சமாகக் கேட்கிறது. வேலையில் வரும் ஏற்ற இறக்கங்களைக் கருதி 40க்கு 1 என்று வரைபடத்தில் போடச் சொல்கிறது. நாலு மீற்றர் தளத்துக்கு 80க்கு 1 என்பது 5 சென்ரிமீற்றர் இறக்கம். இதைக் கண்ணால் மட்டுக்கட்ட முடியாது, மட்டக்குழாய் வேண்டும். சுவரும் தளமும் சேரும் மூலையை நேர்க்கோணமாக விடாமல் சாந்தால் வளைத்து நிரப்பி, நீர்த்தடுப்புப் பூச்சைச் சுவரில் 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். உள்ளறைத் தரையைவிடப் பல்கனித் தரை தாழ்ந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மட்டத்தில் வைப்பது இப்போது அழகாகக் கருதப்படுகிறது. மலைநாட்டு மழைக்கு அது பொருந்தாது. மழைக்குழாய் வாய் ஒன்று இலையால் அடைபட்டால் தண்ணீர் வழிந்தோட இரண்டாவது வாய் ஒன்று. பல்கனி விளிம்பின் அடியில் விரலகலத்தில் ஒரு கீறல். அது இருந்தால் வழியும் நீர் சுவர்வரை ஊர்ந்து வராமல் அங்கேயே சொட்டிவிடும்.

பூச்சுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூளும் திரவமும் கலந்து பூசும் சீமெந்து வகை ஈரலிப்பான தளத்திலும் பிடிக்கும். அதன்மேல் சாந்தோ டைலோ வரவேண்டும். பொலியுரேத்தேன் வகை நன்றாக இழுபடும், வெடிப்புகளைத் தாண்டி நிற்கும். ஆனால் தளம் நன்கு காய்ந்திருக்க வேண்டும். நவம்பரில் கண்டியில் அதைப் பூசுவது காசைத் தண்ணீரில் போடுவது. வாகனம் ஏறும் தளத்தில் எந்தப் பூச்சையும் வெறுமையாக விடக்கூடாது, டயர் தேய்த்துவிடும்; மேலே ஒரு பாதுகாப்புக் கொங்கிரீட் படை வேண்டும். தமிழ்நாட்டின் பழைய மாடிவீடுகளில் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய் ஊறிய நீர் தெளித்து, பெண்கள் வரிசையாக இருந்து மரத்தட்டால் நாட்கணக்கில் அடித்து இறுக்கிய தளவரிசை இருந்தது. சரிவையும் காப்பையும் ஒரே படையில் தந்த அருமையான வேலை அது. அங்கே மழைக்குப் பிறகு நீண்ட வெயில் இருக்கிறது. இங்கே அந்த வெயில் கிடைப்பதில்லை.

டைல் நீர்த்தடுப்பல்ல. டைல் இடுக்குகள் தண்ணீரை உள்ளே விடும். அடியிலிருக்கும் மணற்சாந்து அதைத் தேக்கி வைக்கும். மழை விட்டு நாலு நாள் கழித்தும் சீலிங் சொட்டுவது அதனால்தான். கீழிருந்து சீலிங்கில் பூசுவதாலும் பயனில்லை. தண்ணீர் பின்னாலிருந்து தள்ளும்போது எந்தப் பெயின்டும் உப்பிக் கழன்றுதான் போகும்.

ஆகவே முழு விஷயமும் ஒரு நாளில் வந்து நிற்கிறது: பூச்சு முடிந்து, டைல் ஒட்டத் தொடங்குவதற்கு முந்திய நாள். குழாய் வாய்களை அடைத்து, தளத்தில் மூன்று முதல் ஐந்து சென்ரிமீற்றர் தண்ணீரை நிறுத்துங்கள். சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறியுங்கள். பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் அதே அளவு தண்ணீர் வைத்தால் ஆவியாகிப் போனது எவ்வளவு என்று கழித்துப் பார்க்கலாம். குறைந்தது 24 மணித்தியாலம், இயன்றால் 72. கீழே போய்ச் சீலிங்கை டோர்ச் அடித்துப் பாருங்கள். ஐந்து சென்ரிமீற்றர் தண்ணீர் சதுர மீற்றருக்கு 50 கிலோ. ஒழுங்காகக் கட்டிய வீட்டுத் தளம் 150 கிலோவுக்குக் குறையாமல் தாங்கும்படி அமைவது வழக்கம். வெடித்துத் துருக்கறை இறங்கும் பழைய பல்கனியில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். அங்கே முதலில் பொறியியலாளர் ஒருவர் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனை இங்கே ஏன் வழக்கமாகவில்லை? கேட்பதற்கு வீட்டுக்காரருக்குத் தெரியாது. செய்து காட்டும் கடமை வேலையை ஏற்ற மேசன் பாஸுக்கு இல்லை. நம் ஊர்களில் வீடு கட்டுவது வாய்ப்பேச்சில் நடக்கிறது. "அந்த பாஸ்தான் மாமா வீட்டையும் கட்டினவர்" என்ற ஒரு சொல், ஒரு முற்பணம், வேலை தொடங்கிவிடும். நல்ல பாஸ்மார் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பட்டறிவால் பொறியியலாளருக்குச் சமமானவர்கள். ஆனால் அந்தத் திறமையையும் அரைகுறையையும் வெளியிலிருந்து பார்ப்பவர் எப்படிப் பிரித்தறிவது?

அதற்காகவே நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. 1986இல் இக்டாட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையாயிற்று, சுருக்கமாக சீடா. ஒப்பந்தகாரர்களைப் பதிந்து, அவர்களின் பணபலம், ஆளணி, அனுபவம் பார்த்துத் தரம் பிரிப்பது அதன் வேலை. எண் குறையக் குறையத் தரம் உயர்ந்து சீ1, அதற்கும் மேலே சீ.எஸ்.1, சீ.எஸ்.2. சட்டம் 'இனங்காணப்பட்ட நிர்மாண வேலை' என்று குறிப்பவற்றைப் பதிவில்லாதவர் ஏற்கக்கூடாது. மேசன், கம்பி வேலைக்காரர், தச்சர், குழாய் வேலைக்காரர் ஆகியோரைத் தேர்ச்சியான தொழிலாளராகப் பதிந்து அடையாள அட்டை கொடுக்கவும் அதே சட்டம் இடம் வைத்திருக்கிறது. கையில் தொழில் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள், முன்கற்றலை மதிப்பிடும் முறையில் தேசிய தொழிற் தகைமையைப் பெறலாம். பள்ளிக்கூடம் இடையில் விட்டுத் தொழிலுக்கு வந்த தோட்டப்புறத்து இளைஞர்களுக்கு இது பெரிய வாசல். அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒப்பந்தகாரர்கள் இந்த வாசலைக் காட்டிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நடைமுறையில் அரசாங்க வேலைக்கு விலைமனுக் கோருபவர்கள் இந்தப் பதிவைத் தவறாமல் வைத்திருக்கிறார்கள்; தனியார் வீட்டு வேலையில் அதை யாரும் கேட்பதில்லை. பிரதேச சபையில் அனுமதி எடுப்பது வரைபடத்துக்கு. அங்கே அறைகளின் அளவும் வீதியிலிருந்து விடவேண்டிய தூரமும் பார்க்கப்படுகின்றன. டைலுக்கு அடியில் என்ன பூசினார்கள் என்று பார்க்க வருபவர் எவருமில்லை. 2020 செப்டெம்பர் 20 அன்று கண்டி பூவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று பக்கத்து வீட்டின்மேல் சரிந்து, ஒரு கைக்குழந்தை உட்பட மூவர் இறந்தபோது, யார் அனுமதித்தது, யார் கட்டியது என்ற கேள்விகள்தான் முதலில் எழுந்தன. அந்தக் கேள்விகள் அத்திவாரம் வெட்டும்போதே கேட்கப்பட வேண்டியவை.

பதிவுமுறை இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்வதற்கில்லை. கலிபோர்னியாவில் ஒப்பந்தகாரர் உரிமச் சபை 1929 முதல் இயங்குகிறது. நீண்டகாலம் 500 டொலருக்கு மேற்பட்ட எந்த வேலைக்கும் அங்கே உரிமம் வேண்டியிருந்தது. 2025 தொடக்கத்தில்தான் அந்த எல்லை 1,000 டொலராயிற்று. அவ்வளவு கண்டிப்பான இடத்தில், 2015 ஜூன் 16 அன்று பேர்க்லி நகரில், கட்டி எட்டே வருடமான அடுக்குமாடி ஒன்றின் பல்கனி முறிந்து விழுந்தது. ஆறு இளம் பிள்ளைகள் இறந்தார்கள், ஏழு பேர் படுகாயமடைந்தார்கள். பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து கோடை விடுமுறைக்கு வந்த மாணவர்கள். பல்கனியைத் தாங்கிய மரத்துலாக்கள் தண்ணீர் இறங்கி உளுத்துப்போயிருந்தன. கட்டும்போதே அந்த மரம் மழையில் நனைந்து கிடந்ததும், பிறகு நீர்த்தடுப்புப் பூச்சு அந்த ஈரத்தை உள்ளே பூட்டி வைத்ததும் விசாரணையில் வெளிவந்தன. கட்டிய நிறுவனத்திடம் உரிமம் இருந்தது. குறைபாடான வேலைகளுக்காக அது வேறிடங்களில் பெருந்தொகை கொடுத்து வழக்குகளைத் தீர்த்திருந்ததும் உண்மை. ஆனால் அதை உரிமச் சபைக்கு அறிவிக்கச் சட்டம் சொல்லவில்லை. 2017இல் உரிமம் பறிக்கப்பட்டது. 2018இல் வந்த சட்டம், மூன்று வீடுகளும் அதற்கு மேலும் உள்ள வாடகைக் கட்டடங்களின் பல்கனிகளை ஆறு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கச் சொல்கிறது.

நமக்கு அவ்வளவு வசதி வர நாளாகும். அதுவரை வீட்டுக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: எழுதி வாங்குவது. ஒரே ஒரு தாள் போதும். சரிவு எவ்வளவு, பூச்சு எந்த வகை, எத்தனை தடவை, சுவரில் எவ்வளவு உயரம், நீர் தேக்கும் சோதனை எத்தனை மணித்தியாலம், எத்தனை வருட உத்தரவாதம், ஒழுகினால் யார் செலவு. சம்பளத்தில் ஒரு பங்கை முதல் மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவைப்பது என்றும் அதில் இருக்கட்டும். அரசாங்க ஒப்பந்தங்களில் இது என்றைக்குமுள்ள வழக்கம், பாஸை அவமதிப்பதாகாது. பிணக்கு வந்தால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நாடெங்கும் அவை இருக்கின்றன, சட்டத்தரணிக்குக் காசு கட்டத் தேவையில்லை. கையில் தாள் இருந்தால் அங்கே பேச்சு ஐந்து நிமிடத்தில் விஷயத்துக்கு வரும். பூசும்போது படமெடுத்து வையுங்கள். டைலுக்குக் கீழே போனதற்கு வேறு சாட்சியில்லை.

மலைச்சரிவில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு பொறுப்பு உண்டு. ஸ்லெப்பிலிருந்து இறங்கும் 1,500 லீற்றர் எங்கே போகிறது? குழாயைச் சுவரோரத்தில் நிறுத்தி, பின்புறத்து மண்வெட்டுக்குள் விட்டுவிட்டால் அந்தத் தண்ணீர் சரிவுக்குள் ஊறும். ஊறிய மண் கனக்கும், துணிக்கைகளின் பிடிப்பு தளரும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயப் பகுதிகளில் வீட்டுக்கு அனுமதி எடுக்கும்போது வடிகாலை வலியுறுத்துவது இதற்காகத்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தில் செய்தவற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கூரைத் தண்ணீரை மூடிய குழாயிலோ கட்டிய கானிலோ கீழ் வடிகால்வரை கொண்டுபோய் விடுங்கள். கீழ்வீட்டுக்காரரின் சுவரைக் காப்பதும் அந்தப் பொறுப்பில் அடங்கும்.

கண்டிப் பக்கத்தில் தளம் காய்ந்து கிடைப்பது ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. பூச்சு வேலைக்கு வருடத்தில் அமையும் நல்ல காலம் அதுதான். நல்ல பாஸ்மாருக்கு அப்போது ஓய்வே இராது. ஆகவே டிசம்பரிலேயே பேசி நாள் குறித்து வையுங்கள். பேசும்போது பதிவு அட்டை இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். இல்லையென்றால் எடுக்கச் சொல்லி உற்சாகப்படுத்துங்கள். டைலை இறக்கும் லொறிக்கு, நீர் தேக்கும் சோதனை முடிந்த பிறகு நாள் சொல்லுங்கள்.